கொக்கின் இரண்டாவது கண்

ஒரு கண்ணின் விலை இருபதாயிரம். இது நான் போட்ட விலையல்ல. கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்த ஒரு மனிதர், எங்கள் ஜவுளிக்கடை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு போட்ட விலை.

"இப்படியே ஒத்தைக் கண்ணோட கொடுத்தீங்கன்னா அறுபது. ரெண்டு கண்ணும் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு எண்பது கொடுப்பேன்."

கண்ணுக்கு விலை பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிற வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். விலை சொல்கிறவரின் வாயைப் பார்க்கக் கூடாது, விரலைப் பார்க்க வேண்டும் என்று அப்பா எனக்குப் பல் முளைக்கும் முன்பே சொல்லிவிட்டார். பூதக்கண்ணாடிக்காரரின் விரல்கள் மேசை ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. தொண்ணூறு வரை போவார் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது விக்கிற சரக்கு இல்லீங்க. இங்க வேலைக்கு இருக்கிற ஆளு."

அந்த ஆள் ஒரு மரக்கொக்கு. முழங்கையளவு உயரம். பழைய கதவு நிலையிலிருந்து செதுக்கியது. ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு காலால் எங்கள் மேசையில் திருகாணி போட்டு நிற்கிறது. வாலை அழுத்தினால் அலகு திறக்கும். விட்டால் கப்பென்று மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஓர் உடைந்த எடை இயந்திரத்தினுடையது. துணி நழுவாமலிருக்க அலகின் உட்புறம் ரப்பர் ஒட்டியிருக்கிறது, அது ஸ்டெதஸ்கோப்பின் பழைய குழாய். இதைச் செய்தவர் எங்கள் தெரு டாக்டர்.

டாக்டரின் கிளினிக்கில் இரண்டே அறை. முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் மரம். நடுவில் ஒரு திரை. அந்தத் திரைக்குத் தன் வேலையில் ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை. ஊசி போடும் இடத்தில் மரத்தூள் பறக்கும். வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் டிஞ்சர் பாட்டில் இருக்கும். இரண்டும் ஒரே நிறம் வேறு. ஸ்டெதஸ்கோப்பும் சின்ன ரம்பமும் ஒரே ஆணியில் தொங்கும். எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, தெர்மாமீட்டரால் அட்டையில் கோடு போடப் பார்த்தார். "கோடே விழ மாட்டேங்குது. மை தீந்துடுச்சு போல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பாதிக் காய்ச்சல் போய்விட்டது. அது மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் விஷயத்தில் இந்தச் சந்தேகம் எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே உண்டு.

படம் போடுவதிலும் கை தேர்ந்தவர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் நமக்கு என்ன கோளாறு என்பதை வரைந்து கொடுப்பார். என் வயிற்றுவலிக்கு ஒரு தடவை இரைப்பையைப் படம் போட்டார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டிருந்த குண்டு மனுஷி. அப்படியே என் அத்தை. நாலே கோடுதான். அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வயிற்றுவலி தானாக நின்றது.

தெருவில் அவர் கை படாத வீடு கிடையாது. தையல்கார அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, மெஷின் பெடலுக்குக் கீழே வைக்கிற மாதிரி சரிந்த பலகை ஒன்று செய்து கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து தைக்கிற கோணத்தைப் பக்கத்தில் குந்தி ஒரு மணி நேரம் படம் போட்டுக்கொண்டு போய்ச் செய்தது. கணக்கு டீச்சருக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு பெட்டி. மூடியில் டீச்சரே சின்னதாக, பிரம்போடு. சோடா கடைக்காரரின் பையனுக்கு இளைப்பு. அவனுக்கு ஒரு புல்லாங்குழல்.

ஆனால் ஒரு விஷயம். டாக்டர் எதையும் முழுசாக முடித்துக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. பலகைக்கு வார்னிஷ் பாக்கி இருக்கும். "காயணும்ல, அடுத்த மாசம் கொண்டாங்க, இன்னொரு கை பூசறேன்" என்பார். டீச்சரின் பெட்டிக்குக் கொக்கி இல்லை. "பித்தளை வரணும், வந்ததும் சொல்றேன்." புல்லாங்குழலில் முதலில் ஒரே துளைதான். மாதம் ஒரு துளை போடுவார். துளை போடுகிற கம்பி சூடாக நேரமாகுமாம். சோடா கடைக்காரர் மனைவி அலுத்துக்கொள்வாள்: "எல்லாம் தெரிஞ்சவரு, முடிக்க மட்டும் தெரியலே." தெரு முழுக்க அந்தத் தீர்ப்புதான். தங்கமான மனுஷன், ஆனால் சோம்பேறி. அந்தப் பையன் இன்றைக்கு பஸ் கண்டக்டர். அவன் விசில் ஊதினால் மூன்று நிறுத்தம் தள்ளி நிற்பவர்கள்கூட ஏறத் தயாராகிவிடுவார்கள்.

கொக்குக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் துணியைக் கத்தரிப்பதில்லை, கிழிப்பதுதான். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ர்ரென்று நூல் பிடித்த மாதிரி நேராக வரும். அப்பா கிழிக்கிற சத்தத்தை வைத்தே எத்தனை மீட்டர் போகிறது என்று அடுத்த கடைக்காரர் கணக்குப் போடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் ஒருநாள் மத்தியானம், சீருடைத் துணி கிழித்துக்கொண்டிருந்தவரின் வலது கை பாதியில் நின்றது. துணியும் அங்கேயே நின்றது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வாய் நேரானது. பேச்சு வந்தது. வந்த முதல் பேச்சே, "பில்லுல எவ்வளவு குறைப்பாங்க?" கை மட்டும் திரும்பவில்லை. கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். நான் துணி கிழித்தேன், அவர் சுவரைப் பார்த்தார். நான் கோணலாகக் கிழித்தால் திட்டக்கூட இல்லை.

அப்போது ஒருநாள் டாக்டர் கடைக்கு வந்தார். நாடி பிடிக்கவில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்கவும் இல்லை.

"முதலாளி, கறுப்புக் கொம்புப் பொத்தான் ரெண்டு வேணும். என்ன விலை?"

அப்பா சுவரைப் பார்த்தபடியே விலை சொன்னார்.

"அடேயப்பா! பொத்தானுக்கா, மாட்டுக்கா?"

அப்பாவின் தலை திரும்பியது.

"மாடு முழுசும் வாங்கினா அதைவிடச் சல்லிசா முடியும்போல இருக்கே. பாதி விலைக்குக் கொடுங்க."

"பாதிக்கு ஒரு பொத்தான் தர்றேன்" என்றார் அப்பா. வாய் குழறியது, ஆனால் கண் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. "ஆனா மிச்சமாகிற ஒத்தைப் பொத்தானை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க கடையில ஜோடியாத்தான்."

அரை மணி நேரம். இரண்டே இரண்டு பொத்தானுக்கு. பேரம் பேசவே தெரியாது டாக்டருக்கு, ஏற வேண்டிய இடத்தில் இறங்கினார், இறங்க வேண்டிய இடத்தில் கோபித்துக்கொண்டார், படி இறங்கிப் போய் யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தார். கடைசியில் அப்பா சொன்ன விலைக்குமேல் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்த ஆளு எப்படித்தான் குடித்தனம் பண்றாரோ!" என்றார். அன்று மாலை நான் கோணலாகக் கிழித்தபோது, "கழுதை, நூலைப் பாரு!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தத் திட்டைக் கேட்டு நான் உள்ளே போய்ச் சந்தோஷமாக அழுதேன்.

பிறகு டாக்டர் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து, அப்பாவின் இடது கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்துகொண்டு போனார். சில வாரம் கழித்துக் கொக்கைக் கொண்டுவந்து அவரே குனிந்து திருகாணி முடுக்கினார். மேசை ஓரத்தில் மீட்டர் கணக்குக்குப் பித்தளை ஆணிகள் அடித்தார். வாலை அழுத்து, துணி ஓரத்தை அலகில் கொடு, இடது கையால் ஆணிவரை இழுத்து அளந்துகொள், ஒரு வெட்டு வெட்டி இழு. கொக்கு விடாது.

அப்பா இழுத்தார். சர்ர்ர். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கொக்கைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அவர் வியாபாரி, சரக்கு பிடித்திருக்கிறது என்று ஒருநாளும் காட்டிக்கொள்ள மாட்டார். கொக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணுதான் இருக்கு" என்றார்.

உண்மை. தெருப் பக்கம் பார்க்கிற கண்ணில் கறுப்புப் பொத்தான் மின்னியது. அப்பா பக்கம் வெறும் குழி.

"இன்னொண்ணு உருண்டு எங்கேயோ போயிடுச்சு முதலாளி."

"ஜோடியாத்தானே கொடுத்தேன்?"

"தேடறேன். நீங்க பிரஷரை நூத்தி நாப்பதுக்கு இறக்கிக்கிட்டு வாங்க. அதுக்குள்ள தேடி எடுத்து வெச்சுடறேன்."

"நூத்தி அறுபது" என்றார் அப்பா, யோசிக்காமல்.

"நூத்தி நாப்பது."

"ஐம்பத்தஞ்சு. கடைசி விலை."

"ஒரே விலைக் கடை" என்று சொல்லிவிட்டு டாக்டர் படியிறங்கினார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. பேரம் தெரியாத மனிதர்!

அதிலிருந்து பதினான்கு வருஷம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அப்பா முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார், பழைய பாக்கி வசூலுக்குப் போகிற மாதிரி. நானும் கூடப் போவேன். டாக்டர் மேசையிலிருந்த மரப்பெட்டியைத் திறப்பார். மூடியில் பாதரசக் குழாய் நிமிர்ந்து நிற்கும், உள்ளே கைப்பட்டை சுருண்டு கிடக்கும். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் குழாயை மாட்டிக்கொண்டு கண்ணைச் சுருக்குவார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"எவ்வளவு?"

"நூத்தி ஐம்பத்தெட்டு."

"நாப்பத்தஞ்சுன்னு முடிச்சுக்கலாமா?"

"எப்படி முடியும்?"

"பழைய வாடிக்கை, டாக்டரே."

"அதனாலதான் ஐம்பத்தெட்டு. புது ஆளா இருந்தா எழுபது போட்டிருப்பேன். ஊறுகாய் சாப்பிட்டீங்களா?"

"பார்த்தேன். சாப்பிடலே."

ஒரு தடவை நூற்று நாற்பத்திரண்டு. அப்பா மேசையில் அடித்துச் சண்டை போட்டார். "ரெண்டுக்காக ஒரு வியாபாரத்தைக் கெடுப்பாங்களா?" "ரெண்டை விட்டுக்கொடுத்தா நாளைக்கு நாலு கேப்பீங்க, எனக்குத் தெரியாதா" என்றார் டாக்டர். வரிசையில் காத்திருந்தவர்கள் கோஷ்டி பிரிந்து கத்தினார்கள். திரும்பி வரும்போது அப்பா என்னிடம், "அந்தக் கண்ணை அவரு தேடவே இல்ல. சோம்பேறி. நான் நாப்பதுக்கு வந்தா மாட்டிக்குவாரு பாரு" என்றார். மாட்டவைப்பதற்காகவே உப்பைக் குறைத்தார். சாயங்காலம் தெருக்கோடி வரை நடந்தார். மாத்திரையை மணி பார்த்துப் போட்டார்.

போன மழைக்காலத்தில் டாக்டர் செத்துப்போனார். கிளினிக் படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டார். தெருவே கடையடைத்தது. வழியனுப்ப வந்தவர்களில் பாதிப்பேர் கையில் ஏதாவது முடிக்காத சாமான் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். நிஜத்தில் யாரும் எடுத்து வந்திருக்க மாட்டார்கள்தான். "ஒண்ணையும் முடிக்காமலே போயிட்டாரே" என்று டீச்சர் சொல்லிச் சொல்லி அழுதது மட்டும் நிஜம்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. அப்பா முகம் மழித்தார். துவைத்த சட்டை போட்டார். செருப்பு மாட்டப் போனவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

கிளினிக்கை ஒரு புது டாக்டர் எடுத்தார். சின்னப் பெண். நல்ல பெண் என்று தெருவில் பேர். அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு?"

"பிரஷர் பார்க்க."

"பார்த்து?"

"என்னப்பா கேள்வி இது?"

"கணக்கு அந்த மனுஷனோட. ஆளே இல்லே, கண்ணும் இல்லே. இனிமே நூத்தி நாப்பதானா என்ன, இருநூறானா என்ன?"

மாத்திரையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் விடுவார். ஊறுகாய் ஜாடி இடம் மாறி அவர் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் காலையில் கடை திறந்ததும் தலை சுற்றி முன்னால் சாய்ந்தவர், கொக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது விழவில்லை, அவரையும் விடவில்லை. கண்ணில் குழி இருக்கிற பக்கத்தை நேருக்கு நேர் பார்த்தபடி அவர் மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை வந்தால் கையோடு போகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பேரம் பேசவே மறுக்கிற ஆளிடம் என்ன விலை சொல்லி என்ன?

இந்த நிலைமையில்தான் பூதக்கண்ணாடிக்காரர் வந்தார். டாக்டரின் மகள் வெளியூரிலிருந்து வந்து பின்னறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். அங்கே கிடக்கிற சாமான்களை என்ன செய்வதென்று கேட்க, பழம்பொருள் வாங்குகிற இவரை வரவழைத்திருந்தாள். அவர் அங்கே பார்த்ததோடு நிற்காமல், தெருவில் வீடு வீடாகப் புகுந்து ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தார். "என்ன கை சார் அது! ஆனா எல்லாத்துலயும் ஒரு குறை. அதனாலதான் விலை அடிபடுது" என்று உச்சுக் கொட்டினார்.

அப்பா சரக்கு இல்லை, ஆள் என்று சொல்லி முடித்த நேரத்தில் டாக்டரின் மகள் உள்ளே வந்தாள். கையில் ஒரு பை.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அக்கா, கொஞ்சம் தண்ணி கொடுங்க. காலையிலேர்ந்து தெருவெல்லாம் சுத்தறேன்." குடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாவோட மேசை டிராயர் நிறைய இதான். டீச்சர் பெட்டிக்குக் கொக்கி இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு. தையல்கார அங்கிளுக்கு ஒரு சின்ன வார்னிஷ் புட்டி, மேல அவர் முதுகைப் படம் போட்டு ஒட்டியிருந்தது. உங்களுது மட்டும் டிராயர்ல இல்ல மாமா. பிரஷர் பெட்டிக்குள்ள இருந்தது, பட்டைக்கு அடியில."

கொக்குப் படம் போட்ட மருந்துச் சீட்டில் சுற்றியிருந்த பஞ்சுப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். பஞ்சு பழுத்து மஞ்சளாகியிருந்தது. உள்ளே கறுப்புக் கொம்புப் பொத்தான். தைக்கிற வளையத்தை அராவி எடுத்துவிட்டு, பின்னால் ஒரு சின்னப் பித்தளை முள் பொருத்தியிருந்தது. முகம் பளபளவென்று தேய்த்து மெருகேற்றியிருந்தது.

"எண்பது!" என்றார் பூதக்கண்ணாடிக்காரர். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அப்பா இடது கையால் பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முள்ளின் நீளத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பஞ்சை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு துணியின் வயதைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிற விரல் அது.

"இது இப்ப செஞ்சது இல்ல" என்றார் மெதுவாக. "அன்னிக்கே செஞ்சது. ஜோடியா."

பிறகு டாக்டரின் மகள் பக்கம் திரும்பினார்.

"பிரஷர் பெட்டியிலயா இருந்தது? அந்தப் பெட்டியிலயா?"

"ஆமா மாமா."

"மாசா மாசம் என் முழங்கைக்குப் பக்கத்துல வெச்சுத் திறப்பாரே, அதுலயா?"

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது, அதையும் துடைக்காமல் சிரித்தார்.

"சரக்கைப் பெட்டியில வெச்சுக்கிட்டு இல்லே இல்லேன்னு பதினாலு வருஷம்! அளவு பார்க்கிற குழாயும் அவருது, பார்க்கிற கண்ணும் அவருது. நான் எத்தனை தடவை நாப்பதைத் தொட்டேனோ, யாரு கண்டா? ரெண்டு கூட, மூணு கூடன்னே சொல்லியிருக்காரு! பேரம் தெரியாத ஆளுன்னு நெனச்சேனே! என்னையே உக்கார வெச்சு வித்துட்டாரும்மா. வியாபாரின்னா அவருதான்."

டாக்டரின் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்பா சோம்பேறி இல்லை என்பது தெருவுக்குத் தெரியவந்த நாள் அதுதான். அவளுக்கும்.

பிறகு அப்பா கொக்கின் பக்கம் திரும்பினார். முள் முனையைக் குழிக்கு நேராகக் கொண்டுபோனார்.

அழுத்திவிட்டால் முடிந்தது. கண் வந்துவிட்டது, கணக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் இவரைக் கிளினிக் வாசலுக்கு இழுத்துப்போக உலகத்தில் ஒரு காரணமும் மிச்சமிருக்காது. வேண்டாம் என்று சொன்னால் கட்டாயம் வைப்பார், எனக்கு அவரைத் தெரியும். நான் மேசையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன், ரொம்ப அக்கறையாக.

"வைங்கப்பா" என்றேன். "ஓசியில வந்ததுதானே."

அந்தக் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"விலை நூத்தி நாப்பது பேசினது. அவரு போயிட்டாரு, இனிமே கேக்கவா போறாரு? நம்ம சரக்கு ஓசியில வந்துடுச்சு. வைங்க, நல்லாத்தான் இருக்கும்."

"ஓசியா?" அப்பாவின் குரல் அடுத்த கடை வரை போனது. "இந்தக் கடையில யாரு ஓசிக்கு எதை வாங்கினா? எங்கப்பா வாங்கினாரா, நான் வாங்கினேனா? நீ வாங்குவே போல! ஆளு போனா பேச்சும் போயிடுமா?"

"எண்பத்தஞ்சு" என்றார் பூதக்கண்ணாடிக்காரர், இதுதான் சமயம் என்று நினைத்து.

"நீங்க சும்மா இருங்க" என்றோம் மூவரும்.

பொத்தான் பஞ்சுக்குள் போனது, பஞ்சு சட்டைப் பைக்குள் போனது.

மறுநாள் திங்கட்கிழமைகூட இல்லை. அப்பா முகம் மழித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டார். கிளினிக்கில் இப்போது மரத்தூள் இல்லை. சுவர் வெள்ளையாக இருந்தது, ஸ்டெதஸ்கோப்புக்குத் தனி ஆணி கிடைத்திருந்தது. அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையே, மருந்து வேலை செய்யுமா?" என்று என் காதில் சொன்னார்.

புது டாக்டர் பட்டையைச் சுற்றி ஸ்விட்சை அழுத்தினார். மெஷின் தானாக உறுமிக் காற்றடித்தது. சிவப்பு எண்கள் அப்பாவின் மூக்குக்கு நேரே ஒளிர்ந்தன. நூற்று அறுபத்தெட்டு.

அப்பாவுக்கு எண்ணைவிட அது தெரிந்த விதம்தான் பெரிய ஏமாற்றம். "என்னம்மா இது, விலையை எழுதியே ஒட்டிட்டீங்க. இதுல என்னத்தைப் பேசறது?"

பிறகு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துக் கதையைச் சொன்னார். கொக்கு, கண், நூற்று நாற்பது, ஒரே விலைக் கடை, எல்லாம். வெளியே வரிசை நீண்டது. அந்தப் பெண் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் பொத்தானை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெஷினை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி வைத்தார், எண் அப்பாவுக்குத் தெரியாதபடி.

அப்பா கவனித்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி, மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒருநாள் விட்டு..."

"தினம் போடணும். அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரமா? மாசம் ஒரு தடவைன்னுதானே பழைய பேச்சு!"

"அது பழைய கடை, ஐயா. இப்போ முதலாளி மாறியாச்சு."

"பகல் கொள்ளை!" என்றார் அப்பா. வெளியே வரும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இரண்டு தடவை சொன்னார், அவ்வளவு சந்தோஷமாக.

கொக்கு இன்னும் ஒற்றைக் கண்ணோடுதான் நிற்கிறது. பூதக்கண்ணாடிக்காரர் தொண்ணூறு வரைக்கும் ஏறி (நான் சொன்னேன் அல்லவா), அப்புறம் போன் செய்வதை நிறுத்திவிட்டார். துணி கிழிகிற சத்தம் பழையபடி அடுத்த கடைக்குக் கேட்கிறது. ஊறுகாய் ஜாடி மேல் பலகைக்குப் போய்விட்டது.

நேற்று மறுபடி போயிருந்தோம். டாக்டரம்மா மெஷினைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நூத்தி ஐம்பத்திரண்டு" என்றார். "நாப்பத்தஞ்சுன்னு முடிச்சுக்கலாமா?" என்று அப்பா ஆரம்பித்தார். தண்ணீர் எடுக்கிற சாக்கில் நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் நூற்று நாற்பத்தெட்டு என்றிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

ஆக, அப்பா கணக்கில் பாக்கி பன்னிரண்டு. மெஷின் கணக்கில் பாக்கி எட்டு. நடுவிலிருக்கிற நாலைப் பழைய டாக்டர் பெயரில் வரவு வைத்திருக்கிறேன்.